எந்தச் சட்டிக்கு எந்த அடுப்பு?

2022இல் கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, கண்டியை அடுத்த அம்பிட்டியப் பக்கத்து வீடுகளிலும் கொல்லைப்புறத்து விறகடுப்புக்கு மறுபடி வேலை வந்தது. மண்சட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். தணல் ஏறி இறங்கினாலும் கனத்த சட்டி அதைத் தாங்கிக்கொண்டது. பருப்பு பதமாக வெந்தது. கேஸுக்கென்று வாங்கிய மெல்லிய அலுமினியச் சட்டியை அதே அடுப்பில் ஏற்றியவர்களுக்கு நடு அடிப்பிடித்தது, ஓரம் வேகவில்லை. அடுப்பைக் குறை சொல்லவும் வழியில்லை, சட்டியைக் குறை சொல்லவும் வழியில்லை. ஹெட்போனுக்கு ஆம்ப் தேடுகிறவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். எது நல்ல ஆம்ப் என்று கேட்டால், எந்தச் சட்டிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

குசினியில் நடக்கும் வரிசையிலேயே போவோம். போனில் கிடக்கும் பாட்டு வெறும் எண்கள். சிடி தரத்தில் என்றால் விநாடிக்கு 44,100 தடவை ஒலி அலையின் உயரம் அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த எண்களை மின்னழுத்தமாக ஆக்கித் தருவது டாக். முழு மிளகாயையும் மல்லியையும் கூட்டாக்கும் அரைப்பு வேலை அது. அரைத்ததைக் கொதிக்கவைக்கும் வலு ஆம்புடையது; அதுதான் அடுப்பு. ஹெட்போன் சட்டி. மூன்றும் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. போனில் செருகும் சுண்டுவிரல் நீள டொங்கிளுக்குள்ளேயே ஒரு டாக்கும் ஒரு ஆம்பும் உட்கார்ந்திருக்கின்றன.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர், அண்மையில் கேட்டார்: "அண்ணே, நல்ல டாக் ஒண்ணு வாங்கிப் போட்டா சத்தம் வார்மா வருமா?"

"முதல்ல உன் ஹெட்போன் எதுன்னு சொல்லு தம்பி."

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணே?"

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்.

வார்ம், நியூட்ரல் என்று எல்லோரும் பேசுவது எதை? நியூட்ரல் என்றால் ஒலிப்பதிவில் உள்ளது கூடாமல் குறையாமல் காதுக்கு வருவது. வார்ம் என்றால் ஏறக்குறைய 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அடிப்பகுதி சற்றுத் தூக்கலாகவும், மேல் சுருதிகளின் கூர்மை சற்று மழுங்கியும் இருப்பது. மிருதங்கத்தின் தொப்பி பருத்துக் கேட்கும், நாதஸ்வரத்தின் கீறல் தணியும், பழைய பதிவுகளில் பாடகர் 'ச' சொல்லும்போது வரும் சீறல் அடங்கும். நியூட்ரல் எது என்று சோதிக்கக் கண்டிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. தலதா மாளிகையில் நாள்தோறும் பூசைக்கு முழங்கும் மேளத்தையும், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தவிலையும் நேரில் கேட்ட காதுக்கு, தோற்கருவியின் முதல் அடி எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். ஹெட்போனில் அந்த அடி பஞ்சில் விழுந்தது போலிருந்தால் எங்கோ வார்ம் கூடிவிட்டது.

வார்ம் மீது நமக்குள்ள ஆசைக்கு ஒரு பகுதிக் காரணம் இலங்கை வானொலி என்று நினைக்கிறேன். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன் குரலையும் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சிப் பாட்டுகளையும் வால்வு ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறை, அந்தச் சத்தம் இப்போது எங்கே வருகிறது என்று அங்கலாய்க்கும். வால்வுக்கு அதில் பங்கு உண்டு, மரப்பெட்டிக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கும் உண்டு. ஆனால் பெரும்பங்கு வேறிடத்தில் இருக்கிறது. மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் குறுகியது. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததெல்லாம் வீட்டுக்கு வந்து சேரவேயில்லை. அந்த இதத்தில் பெரும்பகுதி, காணாமற்போன மேல் சுருதி. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் விற்பவர் சொல்வதை நிறுத்துப் பார்க்கலாம்.

அரைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சீக்கிரம் முடிந்துவிடும். டாக்கில் இரண்டு பெரிய வம்சங்கள். ஒன்று, மின்தடைகளை ஏணிபோல அடுக்கி ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி கொடுத்து எண்ணை மின்னழுத்தமாக்கும் ஆர்2ஆர். மற்றது டெல்டா-சிக்மா, மிக வேகமாகச் சில படிகளையே மாற்றி மாற்றிப் போட்டு, பிறகு வடிகட்டி மென்மையாக்குவது. முதலாவது அம்மி, இரண்டாவது பிளெண்டர். அம்மியில் அரைத்த சம்பலுக்கு ருசி தனி என்பவர்களோடு குசினியில் நான் சண்டைக்குப் போகமாட்டேன். டாக்கில் போவேன். இரண்டும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால், கூட்டு மையாக அரைபட்ட பிறகு எதில் அரைத்தது என்று நாக்கு சொல்லாது.

விலக்கு ஒன்று உண்டு. எண்களுக்கிடையே எதையும் நிரப்பாமல், வடிகட்டியும் போடாமல் படிப்படியாகவே வெளியே விடும் டாக்குகள் இருக்கின்றன. நொஸ் வகை என்பார்கள். சிடி வேகத்தில் ஓடும்போது இவற்றில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெலும், 20,000இல் 3 டெசிபெலுக்குச் சற்று மேலும் குறையும். கணக்கிலேயே இருக்கும் சரிவு இது, தயாரிப்பாளரின் கைப்பக்குவம் அல்ல. இதைத்தான் பலர் அனலாக் இதம் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேண்டுமென்றால் வாங்கலாம், தப்பில்லை. எதற்குக் காசு போகிறது என்று தெரிந்தால் போதும்.

சிப்பின் பெயரை வைத்து ருசி சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஈஎஸ்எஸ் நிறுவனத்துச் சிப் என்றால் கூர்மை, ஏகேஎம் நிறுவனத்துடையது என்றால் வெல்வெட் என்று சொல்லிச் சொல்லியே அது வேதவாக்கு ஆகிவிட்டது. வெல்வெட் என்பது ஏகேஎம் தானே வைத்துக்கொண்ட விளம்பரச் சொல். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. சிப் கிடைக்காமல் பல தயாரிப்பாளர்கள் அதே பெட்டிக்குள் ஈஎஸ்எஸ் சிப்பைப் போட்டு விற்றார்கள். பெட்டியின் ருசி சிப்பில்தான் இருக்கிறதென்றால் அந்தப் பெட்டிகள் தலைகீழாக மாறியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டும் மனிதக் காதுக்கு எட்டாத அளவு சுத்தம்.

டாக் மாற்றியதும் சத்தம் மாறியதைக் காதாலேயே கேட்டேன் என்பவர்களை நான் நம்பாமல் இல்லை. பெரும்பாலும் அவர்கள் கேட்டது அளவு வித்தியாசம். ஒரு டாக் 2 வோல்ட் தரும், மற்றது ஒன்றரை தரும். கூடச் சத்தமாக வருவது எப்போதும் செழிப்பாகவே கேட்கும். ஒரு கறியைச் சூடாகவும் இன்னொன்றை ஆறவிட்டும் பரிமாறிவிட்டு எது ருசி என்று கேட்பது போன்ற ஏமாற்று இது. 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஹெட்போன் வயர் முனையில் இரண்டையும் ஒரே வோல்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டுப் பாருங்கள். மலிவு மீட்டர்கள் அந்த அலைவரிசையில் தடுமாறினால் 100 ஹெர்ட்ஸில் அளக்கலாம். வித்தியாசத்தில் முக்கால்வாசி ஆவியாகிவிடும்.

இனி அடுப்பு. விஷயம் இங்கேதான் இருக்கிறது, ஆறுதலாகப் பார்ப்போம்.

எந்த ஆம்பும் தன் வெளியீட்டு வாசலில் கொஞ்சம் மின்தடையை மறைத்து வைத்திருக்கிறது. ஆம்ப் உண்டாக்கும் மின்னழுத்தத்தை அந்த உள்தடையும் ஹெட்போனும் தத்தம் தடைக்கேற்பப் பங்குபோட்டுக்கொள்ளும். உள்தடை அரை ஓம், ஒரு ஓம் என்றால் பங்கு முழுக்க ஹெட்போனுக்கே. அது பெரிதாக இருந்தால் ஹெட்போனின் தடை என்ன என்பதைப் பொறுத்துப் பங்கு கூடிக் குறையும். சிக்கல், ஹெட்போனின் தடை ஒற்றை எண் இல்லை. பெட்டியில் 300 ஓம் என்று அச்சடித்திருப்பது ஒரு பெயரளவுக் கணக்கு. 1997இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்டி 600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நடுச் சுருதிகளில் அதன் தடை 300 ஓம் பக்கம் நிற்கும். 100 ஹெர்ட்ஸை ஒட்டி, உள்ளிருக்கும் சவ்வு இயல்பாகவே அதிர விரும்பும் இடத்தில், 500 ஓமை நெருங்கும்.

இப்போது இதை 120 ஓம் உள்தடை கொண்ட வால்வு ஆம்பில் போடுவோம். நடுச் சுருதியில் மொத்தம் 420 ஓம், அதில் ஹெட்போனின் பங்கு 300, அதாவது 71 சதவீதம். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் மேட்டில் மொத்தம் 620, ஹெட்போனின் பங்கு 500, அதாவது 81 சதவீதம். டெசிபெலில் சொன்னால் மற்றப் பகுதிகளைவிட அந்த மேடு ஏறக்குறைய ஒரு டெசிபெல் தூக்கலாக வருகிறது. ஒரு டெசிபெல் என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். அகலமான ஒரு பகுதி முழுக்க ஒரு டெசிபெல் ஏறினால் பாட்டுக்கே சதை பிடித்தது போலிருக்கும். எச்டி 600 வால்வோடு நல்ல ஜோடி என்று உலகம் முழுக்கச் சொல்வதன் பாதி ரகசியம் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. விறகடுப்பில் மண்சட்டி.

அதே அடுப்பில் இன்னொரு சட்டியை ஏற்றுங்கள். எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இஆர்4 இயர்போனின் இரண்டு வடிவங்களைப் பாருங்கள்: 27 ஓம் உள்ள பி, 100 ஓம் உள்ள எஸ். உள்ளே ஒலியை எழுப்பும் பொறி இரண்டிலும் ஒன்றே. பி வடிவத்தோடு 75 ஓம் தடை கொண்ட ஒரு சின்ன வயரைச் சேர்த்தால் அது எஸ் ஆகிவிடும். நிறுவனமே அந்த வயரை விற்றது. இந்த வகைப் பொறியில் தடை மேல் சுருதிகளை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அதனால் கூடுதல் தடை சேரும்போது தூக்கல் பேஸில் வராமல் மேலே வருகிறது. எஸ் வடிவம் பியைவிடப் பளிச்சென்று ஒலிக்கும். எச்டி 600க்கு இதம் சேர்த்த அதே தடை இங்கே கூர்மை சேர்க்கிறது. வார்ம் ஆம்ப் என்று தனியாக ஒரு பொருளைக் கடைத்தட்டில் வைத்து விற்க முடியாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரே இயர்போனுக்குள் நான்கைந்து பொறிகளை அடைத்தவற்றின் நிலை இன்னும் மோசம். அவற்றின் தடை ஓரிடத்தில் 8 ஓமுக்கு விழும், ஓரிடத்தில் 40க்கு ஏறும். 10 ஓம் உள்தடை போதும், சுருதிச் சமநிலை தாறுமாறாகிவிடும். மெல்லிய அலுமினியம் அங்கங்கே கருகுவது இப்படித்தான்.

மூன்றாவது வகை பிளேனர். ஹைஃபைமேன் போன்றவர்கள் செய்வது. தட்டையான சவ்வு முழுக்க மின்கம்பி ஓட்டி, காந்தங்களுக்கிடையே தொங்கவிட்டிருப்பார்கள். இவற்றின் தடை கீழிருந்து மேல்வரை ஏறக்குறைய நேர்கோடு. ஆகவே உள்தடை எவ்வளவு இருந்தாலும் மொத்தச் சத்தம் குறையுமே தவிர ருசி மாறாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி சுவாலையின் பருமன் மட்டும்தான். எச்இ-6 என்ற பழைய மாதிரி ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும். உச்சத் தாளத்தில் 110 டெசிபெல் வேண்டுமானால் அரை வாட்டுக்குக் கிட்டே தேவை. டொங்கிளால் ஆகாது. அடிகனத்த பெரிய கிடாரத்துக்கு மெழுகுதிரி பிடிப்பதுபோல் ஆகும்.

உள்தடை ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியைப் பரவலாக்கியவர் தன் பெயரைச் சொல்லாத ஒரு பொறியியலாளர். 2011இல் ஆப்ஜெக்டிவ் 2 என்ற ஆம்பின் வரைபடத்தை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். உள்தடை அரை ஓமை ஒட்டி. சாதாரணக் கடைச் சில்லுகள், மின்கலத்திலும் ஓடும். ஆயிரம் டாலர் பெட்டிகளுக்கு அளவீட்டில் சவால் விட்டது. அடுத்த ஆண்டு அதற்கேற்ற டாக்கையும் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு ஆள் மறைந்துபோனார். யாரென்று இன்றுவரை தெரியாது. மறுபக்கத்தில், 120 ஓம் உள்தடை வைத்துக்கொள்ளலாம் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61938 என்ற தரநிர்ணயம் 1996இல் சொன்னது. பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போன் துளை தடித்த தடையோடு வந்தது. மாமாவின் ஷோகேஸில் இருக்கும் எண்பதுகளின் ஜப்பானிய ரிசீவரில் போட்டுக் கேட்டால் பேஸ் பொங்குகிறது என்றால், மந்திரம் எதுவும் தேட வேண்டாம்.

வால்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒற்றை முனை டிரயோட் என்ற வகை வால்வுச் சுற்றுகள் மூல ஒலியோடு சேர்க்கும் திரிபில் பெரும்பகுதி இரண்டாம் மடங்கு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லலாம். 240 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் பிடித்தால் இரண்டாம் மடங்கு 480, மேல் ஸ்தாயி ஷட்ஜமேதான். மூன்றாம் மடங்கு 720, அதற்கு மேலுள்ள பஞ்சமம். இரண்டும் சுருதிக்குள் அடங்கியவை, அதனால் கலப்படம் துருத்தாது. கறியில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விட்டது போல உறைப்பு தணியும். ஆனால் அளவு முக்கியம். ஒரு சதவீதத் திரிபு என்றால் பாட்டுக்கு 40 டெசிபெல் கீழே. தனி வீணையில் அது இனிக்கலாம். முழு வாத்தியக்குழு வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் மற்றதோடு மோதிப் புதுச் சுரங்களைப் பெறும், அவை சுருதியில் நிற்காது. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' போன்ற, வயலின்கள் குவிந்த பதிவில் பால் கூடினால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும்.

தம்பியிடம் இருந்தது எச்டி 600இன் உறவுக்காரன் எச்டி 650, யாரோ பாவித்து விற்றது. அதுவே கொஞ்சம் வார்ம் பக்கம் சாய்ந்தது. கையில் இருந்த ஆப்பிள் டொங்கிளில் குறை இல்லை. உள்தடை ஒரு ஓமுக்குள், இரைச்சலும் திரிபும் 90 டெசிபெலுக்கும் கீழே. ஆனால் சத்தம் போதவில்லை. விசாரித்ததில் அது ஜெர்மனியிலிருந்து சித்தி கொண்டுவந்தது. ஐரோப்பாவில் விற்கும் ஆப்பிள் டொங்கிள் உச்சத்தில் அரை வோல்ட்தான் தரும். அமெரிக்க மாதிரி ஒரு வோல்ட். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இல்லை. போதாக்குறைக்கு, சில ஆண்ட்ராய்ட் போன்களில் அந்த டொங்கிள் முழு ஒலியளவுக்குத் திறப்பதும் இல்லை. புலம்பெயர்ந்த சொந்தங்களிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் எந்த நாட்டில் வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடக்கின்றன; அடாப்டரில் எர்த் தொடாமல் லேப்டாப் ஓடினால் ஹெட்போனில் ம்ம் என்ற முனகல் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் போனபோது, பேட்டரியில் ஓடிய லேப்டாப்பிலிருந்து கேட்டவர்களுக்கு அந்த முனகல் இல்லாமற்போனது நினைவிருக்கலாம். புது டாக் வாங்குமுன் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆம்ப் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற கேயின் அளவையும் பாருங்கள். நுட்பமான இயர்போனுக்குப் பெரிய கேயின் வைத்தால் பின்னணியில் இரைச்சல் கேட்கும், வொல்யூம் திருகியின் அடிநுனியில் ஒரு காது மட்டும் சத்தமாக வரும். பெரிய பர்னரைக் கடைசி வரை குறைத்தால் சுவாலை ஒரு பக்கம் அணைந்து ஒரு பக்கம் துடிக்குமே, அதுதான்.

ஆக, 300 ஓம் சென்ஹைசரோ 250, 600 ஓம் பேயர்டைனமிக்கோ வைத்திருந்து வார்ம் வேண்டும் என்பவர்களுக்கு, வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப். பாட்டில்ஹெட் கிராக் அந்த ரகம். நியூட்ரல் வேண்டும் என்றால் உள்தடை ஒரு ஓமுக்குள் உள்ள எந்த டிரான்சிஸ்டர் ஆம்பும். பிளேனருக்கு வலுவுள்ள டிரான்சிஸ்டர். பல பொறி இயர்போனுக்கு உள்தடை மிகக் குறைந்த டொங்கிள், வால்வு வேண்டவே வேண்டாம். டாக் எதுவாயினும் சரி. ரூபாய் ஒரு டாலருக்கு 200இலிருந்து 360க்கு விழுந்து பார்த்த நாட்டில், வார்முக்கு முதல் வழியாக நான் சொல்வது இக்யூ, சுருதிப் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருள். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், போனில் பவர்ஆம்ப். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபெல் ஏற்றி, 8,000க்கு மேல் ஒன்றரை இறக்குங்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஆலிவ் குழுவினர் 2013 வாக்கில் கேட்போரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் பெரும்பாலானோர் விரும்பியது சற்றே பேஸ் ஏறிய ஒலியைத்தான். பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் அழிக்கலாம். வால்வை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒலியளவை மட்டும் 3 டெசிபெல் முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டி பொங்கி வழியும்.

அம்பிட்டிய ஈரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே செயற்கைத் தோல் இயர்பேட் சீக்கிரம் செதிள் செதிளாக உரியும், பஞ்சு நைந்து தட்டையாகும். தட்டையான பேட் பொறியைக் காதுக்கு நெருக்கிவிடும். உரிந்த பேட்டில் காற்றுக் கசிந்து, மூடிய வகை ஹெட்போனில் பேஸே ஓடிவிடும். எந்த டாக் மாற்றமும் இந்த அளவுக்கு ஒலியை மாற்றியதை நான் கேட்டதில்லை. தம்பியின் எச்டி 650ஐத் தடவிப் பார்த்தேன், வெல்வெட் பேட் அப்பளம் போல் அமுங்கிக் கிடந்தது. முதலில் புதுப் பேட் ஒரு ஜோடி வாங்கச் சொன்னேன்.